டார்க் காமெடியும் பேய்ப்படப் பகடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய்ப்படங்களைக் கிண்டல் செய்யும் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். சாவைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று தொடங்கி, எந்தப் படத்தை முதலில் பார்ப்பது என்பது வரை அவை நீளும். அவற்றுக்கு என் பதில்கள் இங்கே. சில படங்களின் முக்கியமான காட்சிகளை விரிவாகச் சொல்லியிருக்கிறேன். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

டார்க் காமெடி என்றால் என்ன?

சாவு, நோய், கொலை, போர் என்று நாம் குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயங்களை வைத்துச் சிரிக்க வைப்பது. ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறார், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகிறார் என்றால் அது சாதாரண காமெடி. விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை, சுற்றி நிற்பவர்கள் தோலை யார் போட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது டார்க் காமெடி.

இரண்டாவதில் செத்தவர் செத்தவர்தான். அவர் எழுந்து கண்ணடித்துவிட்டால் காட்சி கெட்டுவிடும். சாவின் கனம் அப்படியே இருக்க வேண்டும், அதன் பக்கத்திலேயே சிரிப்பும் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

இந்தப் பெயர் எப்போது வந்தது?

கருப்பு நகைச்சுவை என்ற சொல்லைப் பரவலாக்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். இந்த வகை எழுத்துகளைத் திரட்டி 1940-இல் ஒரு தொகைநூல் கொண்டுவந்தார். அதில் முன்னோடியாக அவர் வைத்தது ஜோனதன் ஸ்விஃப்டை. ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றால் வறுமை தீரும் என்று, கணக்கு வழக்கெல்லாம் போட்டு, அரசு அறிக்கை மாதிரி ஒரு கட்டுரையை ஸ்விஃப்ட் 1729-இல் எழுதினார். பட்டினியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபம்தான் அந்தக் கட்டுரை. அதில் ஓர் இடத்தில்கூட அவர் குரலை உயர்த்துவதில்லை.

ஃபிராய்டு 1927-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு குற்றவாளியைத் திங்கள்கிழமை காலையில் தூக்குமேடைக்குக் கூட்டிப்போகிறார்கள். அவன் சொல்கிறான்: "வாரம் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது!" தூக்கு நிற்கப்போவதில்லை, அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் சொல்லும் நேரத்துக்குச் சாவு அவனை விடச் சின்னதாகிவிடுகிறது.

தமிழுக்கு இது புதிதா?

இல்லவே இல்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். பசியில் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கிடக்கும் பிணங்களை வைத்துக் கூழ் சமைக்கின்றன. அப்புறம் பந்தி! அதில் சமணப் பேய்களும் உட்கார்ந்திருக்கின்றன. அவை உயிரைக் கொல்லாதவை, ஒருவேளைதான் உண்பவை. அதனால் கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, கொழுப்பையே துணியாக வைத்து வடிகட்டி ஊற்றச் சொல்கிறது பாட்டு. பிணக்கூழைச் சுத்தபத்தமாகப் பரிமாறுவது என்ற அந்த ஒரு யோசனையை எந்தத் திரைக்கதை எழுத்தாளரும் கையெடுத்துக் கும்பிடுவார்.

அதற்கும் முன்னால், தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. நகை அதில் ஒன்று, அச்சம் இன்னொன்று. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கையும் வைக்கிறது. அணங்கு என்பது அச்சுறுத்தும் தெய்வசக்தி. அணங்கின் முன்னால் பேதைமையோடு நிற்கும் ஒருவனைக் கற்பனை செய்யுங்கள். பேய்ப்படப் பகடியின் பாதிக் காட்சிகள் இந்த ஒரு சேர்க்கையில் அடங்கிவிடும்.

ஹாரர் காமெடி, பகடி, டார்க் காமெடி மூன்றும் ஒன்றா?

பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் கிண்டல் யார்மேல் விழுகிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம். ஹாரர் காமெடியில் பேயும் உண்டு, சிரிப்பும் உண்டு, யாரையும் கிண்டல் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பகடியின் இலக்கு வேறு படங்கள், அவற்றின் பழக்கங்கள். டார்க் காமெடியின் இலக்கு நாம்தான், சாவின் முன்னால் நாம் நடந்துகொள்ளும் விதம்தான்.

நல்ல பேய்ப்படப் பகடி பின்னிரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. தனியாகப் போகாதே என்று சொல்லியும் ஒருத்தி நிலவறைக்குப் போகிறாள் என்றால், முதலில் அந்தப் பழைய ஃபார்முலாவைப் பார்த்துச் சிரிக்கிறோம். கீழே அவள் உண்மையிலேயே செத்துக் கிடக்க, மேலே இருப்பவர்கள் அவளுடைய அறை இனி யாருக்கு என்று பேச ஆரம்பித்தால், சிரிப்பு நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

பயப்படும்போதே எப்படிச் சிரிப்பு வருகிறது?

இரண்டுக்கும் கட்டுமானம் ஒன்றுதான். பில்டப், ஒரு நிறுத்தம், அப்புறம் எதிர்பாராத இடத்தில் வெடிப்பு. ஜம்ப் ஸ்கேர் (திடீரென்று திடுக்கிட வைக்கும் காட்சி) எடுப்பவருக்கும் ஜோக் எழுதுபவருக்கும் டைமிங் தவறினால் பிழைப்பு போச்சு. கதவு மெல்லத் திறக்கிறது, இசை ஏறுகிறது, பின்னால் ஒரு பூனை. உடனே அரங்கம் சிரிக்கும். பயத்துக்காக இழுத்துப் பிடித்த மூச்சு சிரிப்பாக வெளியே வருகிறது.

உளவியலில் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏதோ ஒன்று மீறப்பட வேண்டும், அதே சமயம் அது ஆபத்தில்லாததாகவும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் சிரிப்பு. மீறல் மட்டும் என்றால் பயமோ அருவருப்போ மிஞ்சும். ஆபத்தின்மை மட்டும் என்றால் சலிப்பு. பேய்ப்படப் பகடி இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றின்மேல் நடக்கிறது.

பேய்ப்படங்களை மட்டும் ஏன் இவ்வளவு பகடி செய்கிறார்கள்?

விதிகள் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால். பகடிக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும். பேய்ப்படம் பார்க்காதவருக்கும் ஆளில்லாத பங்களா, வேலை செய்யாத போன், ஸ்டார்ட் ஆகாத கார் எல்லாம் தெரியும். ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் ஸ்லாஷர் படங்களில் கடைசிவரை உயிரோடு நிற்கும் பெண்ணைப் பற்றி கேரல் க்ளோவர் 1987-இல் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். அந்த அளவுக்கு அச்சு அப்போதே உறைந்துவிட்டிருந்தது.

வெஸ் க்ரேவன் 1996-இல் எடுத்த 'ஸ்க்ரீம்' படத்தில் பாத்திரங்களே அந்த விதிகளைப் பேசுகிறார்கள். பேசிக்கொண்டே சாகிறார்கள். விதி தெரிந்திருப்பது அவர்களைக் காப்பாற்றுவதில்லை, அங்கேதான் அதன் கருமை இருக்கிறது. நான்கு வருடம் கழித்து, 2000-இல், அதையே பகடி செய்து 'ஸ்கேரி மூவி' வந்தது. 'ஸ்க்ரீம்' திரைக்கதைக்கு முதலில் வைத்திருந்த பெயரே 'ஸ்கேரி மூவி' தான். பகடி செய்யப்பட்ட படமே பாதி பகடி என்பதால், இரண்டாவது படம் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டியிருந்தது. அதில் யார் செத்தாலும் யாருக்கும் வலிப்பதில்லை. சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாள் ஒரு காட்சியும் மனதில் தங்கவில்லை.

அப்படியென்றால் தங்கும் காட்சி எப்படி இருக்கும்? ஒன்றை விளக்க முடியுமா?

எட்கர் ரைட் 2004-இல் எடுத்த 'ஷான் ஆஃப் தி டெட்'. ஷான் ஒரு சோம்பேறி இளைஞன். படத்தின் தொடக்கத்தில், தூக்கம் கலையாத முகத்தோடு வீட்டிலிருந்து எதிர்க் கடைக்கு நடந்துபோய் வருகிறான். கேமரா அவன் கூடவே போகிறது. இது ஒரு சாதாரணக் காலை.

அடுத்த நாள் அதே நடை, அதே தெரு. இதற்குள் ஊரே பிணமாக எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டது. கடைக் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் ரத்தக் கைத்தடங்கள். தரையில் ரத்தம், அதில் அவன் கால் வழுக்குகிறது. தெருவில் தள்ளாடி வரும் பிணத்தைப் பிச்சைக்காரன் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறான். அவன் எதையும் கவனிக்கவில்லை. முந்தின நாளும் கவனிக்கவில்லை!

ஜோம்பிப் படங்களின் திகில் காலையைக் கிண்டல் செய்கிறது என்ற அளவில் இது பகடி. ஆனால் அந்தத் தெருவில் நேற்று நடந்தவர்களும் பிணம் மாதிரிதான் நடந்தார்கள், அவனும்தான். அது உறைக்கும்போது சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது.

அதே படத்தில் இன்னும் இரண்டு இடங்கள். மாற்றாந்தகப்பனோடு ஷானுக்கு எப்போதும் தகராறு. கடிபட்ட அந்த மனிதர் காரின் பின்சீட்டில், மகனிடம் மனம்விட்டுப் பேசிவிட்டுச் சாகிறார். பிணமாக எழுந்ததும் அவர் கை நீள்கிறது. நேராகப் போய் அலறிக்கொண்டிருக்கும் கார் ஸ்டீரியோவை நிறுத்துகிறது. உயிரோடு இருந்தபோது அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. சிரித்து முடிப்பதற்குள், அந்த மனிதரில் மிச்சம் இருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான் என்று உறைக்கிறது.

அடுத்தது அம்மா. கடிபட்டதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறாள், பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. அவள் பிணமாக மாறியதும் ஷானே சுட வேண்டியிருக்கிறது. அங்கே ஜோக் கிடையாது. படம் முழுக்கச் சிரிக்க வைத்தவர்கள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மரியாதைக்காகவே இந்தப் படத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ரத்தம் அளவுக்கு மீறினால் பயம் கூடத்தானே வேண்டும்? ஏன் சிரிப்பு வருகிறது?

ஒரு சொட்டு ரத்தம் காயத்தை நினைவூட்டும். குடம் குடமாகக் கொட்டினால் அது உடம்பிலிருந்து வருவதாகவே தோன்றாது, தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி ஆகிவிடும். உடம்பு பொருளாகிவிடுகிறது. பீட்டர் ஜாக்சன் 1992-இல் எடுத்த 'பிரெயின்டெட்' படத்தின் உச்சக்கட்டத்தில், நாயகன் புல்வெட்டும் எந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிணக்கூட்டத்துக்குள் நடக்கிறான். அங்கே பயப்பட யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அளவைவிட, அதற்குப் பின் வரும் சின்னச் செயல்தான் எனக்கு முக்கியம். சாம் ரெய்மியின் 'ஈவில் டெட் 2' 1987-இல் வந்தது. நாயகனின் கைக்குள் தீயசக்தி புகுந்து அவனையே அடிக்கிறது. தட்டுகளை எடுத்து அவன் தலையில் உடைக்கிறது. வேறு வழியில்லாமல் செயின்ஸாவால் கையை அறுத்துவிடுகிறான். அறுந்த கை ஓடிப்போகாமல் இருக்க அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்க்கிறான். வாளி நகராமல் இருக்கப் புத்தகங்களை அடுக்குகிறான். மேலே இருக்கும் புத்தகம் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆங்கிலத்தில் 'ஆர்ம்ஸ்' என்றால் ஆயுதம், கை என்று இரண்டு பொருளும் உண்டு. போருக்கு விடைகொடுத்த தலைப்பு, கைக்கு விடைகொடுக்கிறது. கேமரா அதை ஒரு கணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நடிகர்கள் காமெடியாக நடிக்க வேண்டுமா?

கூடவே கூடாது. 1948-இல் 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது டிராகுலாவாக நடித்தவர் பெலா லுகோசி, ஓநாய் மனிதனாக லோன் சேனி ஜூனியர். சீரியஸான படங்களில் அதே வேடங்களைப் போட்டவர்கள். இங்கேயும் சீரியஸாகவே நடித்தார்கள். கோமாளித்தனம் மொத்தமும் அபட், காஸ்டெல்லோ என்ற இரண்டு காமெடியன்களோடு நின்றது. பூதங்களும் பல்லைக் காட்டியிருந்தால் ஓடுவதற்கு யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

மெல் ப்ரூக்ஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1974-இல் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது வண்ணத்தில் எடுக்காமல் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்குக் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்த ஆய்வகக் கருவிகள் அப்போதும் இருந்தன. அவற்றையே கொண்டுவந்து செட்டில் வைத்தார். மூலத்தின் மேல் இவ்வளவு அன்பு இருந்தால்தான் பகடி நிற்கும். பேய்ப்படத்தை மட்டமாக நினைப்பவர் எடுக்கும் பகடி இரண்டாவது ரீலிலேயே தெரிந்துவிடும்.

செத்தவர்களே பேசும் படங்களில் சாவுக்கு என்ன கனம் இருக்கும்?

இருக்கும். 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்', ஜான் லாண்டிஸ், 1981. இரண்டு நண்பர்களை ஓநாய் தாக்குகிறது. ஜாக் செத்துவிடுகிறான், டேவிட் பிழைக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் டேவிட் படுத்திருக்க, கிழிந்த கழுத்தோடு ஜாக் வந்து நிற்கிறான். தட்டிலிருக்கும் டோஸ்ட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான்! தன் இறுதிச்சடங்கில் யார் வந்தார்கள் என்று கதை சொல்கிறான். பேசும்போது கழுத்தில் தொங்கும் சதைத் துண்டு ஆடுகிறது. ஒப்பனைக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருது இந்தப் படத்துக்காக ரிக் பேக்கருக்குத்தான் போனது.

ஒவ்வொரு முறை வரும்போதும் ஜாக் இன்னும் அழுகியிருக்கிறான். பேச்சு மட்டும் அதே பழைய நண்பனின் பேச்சு. உடம்பு போய்க்கொண்டே இருக்கிறது, நட்பு போகவில்லை. இந்தப் படத்தில் என்னை அழ வைப்பது இதுதான். இந்த இடத்துக்கு எந்தச் சோகப் படமும் இவ்வளவு சுருக்கமாக வந்து சேர்ந்து நான் பார்த்ததில்லை.

கொலைகாரனே இல்லாமல் ஸ்லாஷர் பகடி எடுக்க முடியுமா?

முடியும். 2010-இல் வந்த 'டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவில்' அப்படித்தான். காட்டுக்குள் ஒரு பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்ய வந்த இரண்டு அப்பாவிகள். அவர்களைப் பார்த்த கல்லூரி மாணவர்கள், இவர்கள் கொலைகாரர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டக்கர் மரம் அறுக்கும்போது தேனீக்கள் துரத்த, கையில் ஓடும் செயின்ஸாவோடு தெறித்து ஓடுகிறான். தன்னைத்தான் துரத்துகிறான் என்று ஓடிய மாணவன் ஒரு மரக்கிளையில் குத்திச் சாகிறான். இப்படி ஒவ்வொருவராகத் தாங்களே செத்துக்கொண்டிருக்க, அப்பாவிகளோ இந்தப் பிள்ளைகள் கூட்டாகத் தற்கொலை செய்ய வந்திருக்கிறார்கள் என்று பதறுகிறார்கள்.

உடையையும் பேச்சையும் வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று முடிவு செய்வது பழைய ஸ்லாஷர் படங்களின் பழக்கம். அதையேதான் மாணவர்களும் செய்கிறார்கள், பார்வையாளர்களாகிய நாமும் செய்து வந்திருக்கிறோம்.

எதை வைத்தும் ஜோக் அடிக்கலாமா? எல்லை எது?

விஷயத்துக்கு எல்லை கிடையாது, கோணத்துக்கு உண்டு என்பது என் கருத்து. சாவை ஜோக் ஆக்கலாம். சாவின் முன் மனிதன் காட்டும் வீம்பு, பேராசை, சின்னச் சின்னப் பழக்கம் எல்லாவற்றையும் ஆக்கலாம். 2014-இல் வந்த 'வாட் வீ டூ இன் தி ஷாடோஸ்' படத்தில் ஓர் இரத்தக்காட்டேரி, வந்த பெண்ணைக் கடிப்பதற்கு முன் சோபாவைச் சுற்றி நியூஸ்பேப்பர் விரிக்கிறது, கறை படக்கூடாதே என்று. அப்புறம் தமனியில் பல் பட்டு எங்கும் ரத்தம் தெறிக்கிறது. கொலை செய்வதில் வராத கூச்சம் கறையில் வருகிறது பாருங்கள், கிண்டல் அங்கே.

ஆனால் பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டதே ஜோக் என்றால் எனக்கு ஒட்டாது. ஊனமுற்றவர், குண்டானவர், திருநங்கை என்று ஒருவரை நிறுத்தி, அவர்கள் தோற்றத்தையே பேயாகவோ சிரிப்பாகவோ ஆக்கும் படங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் எதுவும் மீறப்படவில்லை. தெருவில் ஏற்கெனவே நடக்கும் கேலியைத் திரையில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் படங்களை ரசிப்பவர்கள் மனம் மரத்துப்போனவர்களா?

வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 156 பேருக்குக் கருப்பு நகைச்சுவைக் கார்ட்டூன்களைக் காட்டி ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். அதிகம் ரசித்தவர்களிடம் ஆக்ரோஷம் குறைவாகவும் மனநிலை நிதானமாகவும் இருந்தன. ஒரு சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லோரைப் பற்றியும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ரசிப்பவர்கள் குரூரமானவர்கள் என்ற பேச்சுக்கு அது இடம் கொடுக்கவில்லை.

இழப்பு புதிதாக இருக்கும்போது இந்தப் படங்கள் தாங்காது. அதுவும் இயல்புதான். அந்த நேரத்தில் யாரையும் 'காமெடிதானே, பார்' என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

மேலே சொன்னவற்றில் 1948-இல் வந்த 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு ரத்தம், ஆபாசம் இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை.

முதல்முறை பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'ஷான் ஆஃப் தி டெட்'. அதற்கு முன் ஏதாவது ஒரு சீரியஸான ஜோம்பிப் படம் பார்த்திருந்தால் ருசி கூடும். ரத்தம் ஒத்துவராது என்றால் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்'. 'பிரெயின்டெட்'டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

நானே ஒரு பகடிக் குறும்படம் எழுதுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஜோக்குகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். அது ஒரு பேய்க்கதையாகவே நிற்க வேண்டும். நின்றால் ஜோக்குகளைத் திரும்ப வையுங்கள். சாகப்போகிற பாத்திரத்துக்கு ஒரு ஆசையோ பழக்கமோ கொடுங்கள். கார் ஸ்டீரியோவை வெறுக்கிற மாதிரி ஏதாவது ஒன்று, சாவுக்குப் பின்னும் அது வேலை செய்யும். நடிகர் சிரிப்பை எதிர்பார்த்து ஒரு நொடி நின்றால் அந்த டேக்கைப் படத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், சிரிப்பு வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு காட்சியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டான்லி குப்ரிக் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தை, அணுகுண்டு அபாயம் பற்றிய ஒரு சீரியஸான நாவலிலிருந்துதான் தொடங்கினார். யோசிக்க யோசிக்க அது கருப்பு நகைச்சுவையாக மாறியது. முடிவுக்காக, போர் அறையில் தலைவர்களும் தளபதிகளும் ஒருவர்மேல் ஒருவர் க்ரீம் பை வீசிக்கொள்ளும் பெரிய சண்டை ஒன்றைப் படமாக்கினார். எடுத்து முடித்து, பார்த்துவிட்டு, மொத்தத்தையும் வெட்டிப்போட்டார். அது வெறும் கோமாளிக்கூத்தாகிவிட்டது என்பது காரணம். 1964-இல் வெளிவந்த படம் அணுகுண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, அதன்மேல் ஒரு மென்மையான பழைய பாட்டு ஓட, அப்படியே முடிகிறது.